பரியின் வயிறும் பாண்டியன் பொன்னும்

அரபு நாட்டிலிருந்து இரண்டு விருந்தாளிகள் தமிழகம் வந்தனர். மூத்தது குதிரை, இளையது காப்பி. இளையது வாழ்ந்தது, வளர்ந்தது, இன்று வீட்டுக்கு வீடு மணக்கிறது. மூத்ததோ வந்த ஆண்டிலேயே மாண்டது, மாண்டதற்கு ஈடாக மற்றொன்று வந்தது, அதுவும் மாண்டது. நூற்றாண்டுக் கணக்கில் நடந்த அந்தப் பரிதாபக் கதையைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

சேலம் நகரிலிருந்து வடக்கே நோக்கினால் வானை மறித்து நிற்பது சேர்வராயன் மலை. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், ஏரியும் காடும் இணைந்து பெயர் தந்த ஏற்காடு அங்கே இருக்கிறது. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் வெள்ளையர் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். காப்பிப் பயிர் எளிதில் வசப்படும் பயிரன்று. எந்தச் சரிவில் நட்டால் தழைக்கும், எவ்வளவு நிழல் வேண்டும், எந்த மழைக்குப் பூக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பயிரிட வேண்டும்; பட்டுப்போன செடியைக் கண்டால் காரணம் தேட வேண்டும். தேடினார்கள். ஆகவே இன்றும் ஏற்காட்டின் சவுக்கு மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே காப்பி சிவந்து பழுக்கிறது.

அந்தத் தோட்டங்களைப் போட மலையேறிய துரைமார் குதிரையின் முதுகில் ஏறித்தான் போனார்கள். குதிரை அவர்கள் கொண்டுவந்த புதுமையன்று. சேர்வராயனுக்கு அண்டையிலுள்ள கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை கூறும். கடல் கடந்து வந்த குதிரைகள் புகார்த் துறையில் இறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்! குதிரையின் நடையைப் பாடினோம், நிறத்தைப் பாடினோம், பிடரி மயிரைப் பாடினோம். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டோமா?

பள்ளியில் வரலாறு நடத்தும் நாம் மாணவர்க்கு ஒரு வரி சொல்லித் தருகிறோம்: "பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் இறக்குமதியாயின." மாணவனும் எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆண்டுதோறும் இறக்குமதி செய்தார்களே, சென்ற ஆண்டு வந்த குதிரைகள் எங்கே போயின என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி பாடநூலும் எழுதப்படவில்லை. நாமே கேட்போம்.

1290களின் தொடக்கத்தில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினான். முத்தைக் கண்டான், முத்தணிந்த மன்னனைக் கண்டான், தாமிரவருணி கடலில் கலக்குமிடத்தில் காயல் துறைமுகத்தையும் அங்கு வந்து குவியும் குதிரைகளையும் கண்டான். சுந்தர பாண்டியனும் உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தான். ஏன் மிஞ்சவில்லை? குதிரையைப் பேணத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டுகின்றனர் என்பது அவன் தந்த விடை. இன்னுமொரு செய்தியையும் சொல்கிறான். குதிரை வைத்தியம் அறிந்தவர் எவரையும் வணிகர்கள் இந்நாட்டுக்கு அழைத்து வருவதில்லை. வர முயன்றவரையும் தடுத்துவிடுகின்றனர். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

பயணிகளின் எண்ணிக்கையில் மிகை இருக்கும் என்பதை நாம் அறிவோம். ஒருவன் சொல்லைக் கொண்டு ஒரு நாட்டைக் குற்றக் கூண்டில் ஏற்றுதல் முறையன்று. ஆகவே இரண்டாவது சான்றைக் கூப்பிடுவோம். பாரசீக வரலாற்றாசிரியன் வசாப், போலோவுக்குச் சற்றே பிந்தியவன்; போலோவைப் படித்து எழுதியவனல்லன். கிசுத் தீவின் தலைவன் ஜமாலுத்தீனோடு பாண்டியன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவன் விளக்குகிறான். ஆண்டுக்கு 1,400 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியனே விலை கொடுக்க வேண்டும்! அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தான்தான் பாண்டியனின் அமைச்சன். காயல் முதலிய துறைமுகங்கள் அவன் பொறுப்பில் இருந்தன. விற்பவன் அண்ணன், வாங்கிக் கொடுப்பவன் தம்பி. இந்த வாணிகத்தில் யார் தோற்றிருப்பார்கள் என்பதற்குக் கணக்கர் தேவையில்லை.

அந்தக் குதிரைகளுக்கு இங்கே என்ன தீனி? பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்துச் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் என்று வசாப் பட்டியல் தருகிறான். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பின்னர்ப் பழக்கமின்றி ஒரேயடியாக ஏறி விரட்டுவார்களாம். பறந்து வந்த குதிரை சில நாளில் சோம்பிச் சுருண்டு பயனற்றுப் போகும். ஆகவே ஆண்டுதோறும் புதுக் குதிரை வாங்கியாக வேண்டும் என்கிறான். இத்தாலியனும் பாரசீகனும் தனித்தனியே எழுதியும் ஒரே கொட்டிலின் ஒரே சாவைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் வசாப் எழுதாமல் விடவில்லை. அதற்கு முந்திய தலைமுறையில், பாரசு நாட்டை அபூபக்கர் ஆண்ட காலத்தில், பாண்டிய நாட்டுக்கும் கம்பாத்து முதலிய துறைகளுக்கும் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரை போயின. விலை 22 இலட்சம் தினார். அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கப்படவில்லையாம்! கோயில் நிலங்களின் மிகுதி வருவாயும், கோயிலோடு கட்டப்பட்ட பெண்கள் மீது போட்ட வரியும் போதுமானவையாக இருந்தனவாம்.

தோழர்களே, அந்த வரியை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உழுதவன் விளைத்த நெல் கோயிலுக்குப் போயிற்று. பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் வாழ்வு கோயிலுக்குப் போயிற்று. இரண்டும் பொன்னாகிக் கப்பலேறின. கப்பலில் வந்த குதிரை, கொட்டிலில் வெண்ணெயும் பாலும் உண்டு மாண்டது. குதிரைக்கு ஊற்றிய பாலைக் கறந்தவள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மிடறு கிடைத்திருக்குமா? பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடிப் போராடி, 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அத்தனை நூற்றாண்டும் அந்தப் பெண்களின் கண்ணீரில் எத்தனையோ சேனைகள் ஏறிச் சவாரி செய்தன.

இனிக் குதிரையின் வயிற்றுக்கு வருவோம். இதை அறியாமல் மேலே சொன்னவை எல்லாம் வெறும் வசையாகிவிடும்.

குதிரை மாட்டைப் போல் புல் தின்பதுதான்; ஆனால் அதன் வயிறு மாட்டின் வயிறு அன்று. மாட்டுக்கு நான்கறை வயிறு. தின்றதை மீட்டுக் கொணர்ந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பை. உடலின் பெருமைக்கு அது மிகச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரையே கொள்ளும். நாளில் பதினாறு மணி நேரம்வரை மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டே இருப்பதற்காக அமைந்த உடல் அது. மெல்லும்போதுதான் உமிழ்நீர் ஊறும். இரைப்பை அமிலமோ மென்றாலும் மெல்லாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். பட்டினி போட்டால் இரைப்பை புண்ணாகும். பித்தப்பை கிடையாது. எல்லாவற்றினும் கொடியது, குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள இறுக்கமான தசை, உள்ளே போனதை வெளியே விடாது. நாய்க்கும் பூனைக்கும் உள்ள அந்தத் தப்பிக்கும் வழி குதிரைக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. வயிற்றில் காற்று பெருகினால் இரைப்பையே வெடித்துவிடுவதும் உண்டு.

புல் உண்மையில் செரிப்பது பின்னால்: குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து நாரைப் புளிக்கவைத்துக் குதிரைக்கு உணவாக்கித் தருகின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கு நார் வேண்டும், மாவு வேண்டா. சோற்றையும் சமைத்த தானியத்தையும் ஒரே வேளையில் நிறைய ஊட்டினால், முன்குடலில் செரிக்காத மாவு பின்குடலுக்குள் பாய்கிறது. அங்கே வேறு நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தைக் கக்குகின்றன. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. நஞ்சு குருதியில் கலக்கிறது. வயிற்றில் சூலை, குளம்புக்குள் அழற்சி. குளம்பின் உட்தகடு கழன்ற குதிரை நிற்கவே முடியாது. பாலின் கதை வேறு. மூன்று நான்கு வயது கடந்த குதிரையின் குடலில் பால்சர்க்கரையைச் செரிக்கும் சுரப்பு இல்லை. பால் கொடுத்தால் கழிச்சல்தான். இறைச்சியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இப்போது வசாப்பின் பட்டியலைத் திரும்ப நோக்குங்கள். சமைத்த தானியம், வெண்ணெய், பால், நாற்பது நாள் அசையாத கட்டு, பிறகு திடீர் ஓட்டம். குதிரையின் குடலைக் கெடுக்க ஒருவன் திட்டமிட்டுப் பட்டியல் எழுதினாலும் இதைவிடத் திறம்பட எழுத இயலாது. இத்தனையும் பகையால் செய்யப்பட்டவை அல்ல. அன்பால், மதிப்பால் செய்யப்பட்டவை! மனிதனுக்கு உயர்ந்த உணவு எதுவோ அதுவே குதிரைக்கும் உயர்ந்தது என்று கருதினார்கள். சாமிக்குப் படைப்பதைப் போல் படைத்தார்கள். சாமி தின்பதில்லை, ஆகவே அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சூலை நோய் தீரப் பதிகம் பாடிய நாவுக்கரசர் கதை நம் நாட்டில் உண்டு. பாவம், குதிரைக்குப் பதிகம் பாடத் தெரியாது.

குதிரைகள் மாண்டதற்குத் தீனி ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. வெப்பமும் ஈரமும் உண்டு, பழக்கத் தெரியாத பாகர் உண்டு, தொற்றுநோய் உண்டு. குதிரையை உருக்கிக் கொல்லும் சர்ரா நோய்க்குக் காரணம் குருதியில் நெளியும் ஓர் ஒட்டுண்ணி என்பதைப் பஞ்சாபில் பணியாற்றிய கிரிபித் எவான்சு 1880இல் கண்டு சொன்னார். மேலிடத்தார் நம்ப மறுத்தனர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தவனையே நம்பாதவர்கள் இருந்தார்கள் என்றால், 1290இல் பாண்டியனின் இலாயத்தில் நின்றவனை மட்டும் நாம் ஏளனம் செய்யலாகாது. அறியாமை குற்றமன்று. அறியாமைக்குக் கதை கட்டி அதைப் புனிதமாக்குவதுதான் குற்றம்.

கதையும் கட்டினார்கள். திருவிளையாடற் புராணத்தை எடுத்துப் பாருங்கள். குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவிட்டுவிட்டார். அரசன் குதிரை எங்கே என்றான். ஆண்டவன் காட்டு நரிகளைப் பிடித்துப் பரிகளாக்கி ஓட்டி வந்தான். மன்னன் மகிழ்ந்தான். இரவு வந்தது, பரிகள் மீண்டும் நரிகளாயின, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. விடிந்தபோது பொன்னும் இல்லை, குதிரையும் இல்லை. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலை நடத்திக் காட்டப்படுகிறது.

இக்கதை பழையது, குதிரை வாணிகம் அதனினும் பழையது. மாலையில் மினுமினுத்த குதிரை விடியலில் வயிறு உப்பிச் செத்துக் கிடப்பது அரண்மனைக்குப் புதிய காட்சியாக இருந்திராது. சூலை கண்ட குதிரை கீழே விழுந்து புரளும், உதைக்கும், தன் விலாவைத் தானே கடித்துக்கொள்ளும். காலையில் பார்ப்பவனுக்கு ஏதோ விலங்கு குதறியது போலவே தோன்றும். இந்தக் காட்சியிலிருந்துதான் நரிக்கதை முளைத்தது என்று நாம் அடித்துக் கூறவில்லை, கருதுகிறோம். ஆனால் கதையின் பயன் என்ன என்பதில் ஐயமில்லை. பொன் போனதற்கு யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. குதிரை செத்ததற்கு யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. எல்லாம் அவன் விளையாட்டு!

"ஏன், குதிரை மருத்துவ நூல் நம் நாட்டில் இல்லையா?" என்று நண்பர் சிலர் கேட்பர். இருந்தது. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாத்திரங்கள் வழங்கின. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் நகுலன் பெயரிலுள்ள நூலை அச்சிட்டது. இந்நூல்கள் முற்றும் குப்பை என்று தள்ளுவது நேர்மையாகாது. பல்லைப் பார்த்து வயதறியும் முறை, காயத்துக்குக் கட்டு, பருவத்துக்கு ஏற்ற தீனி என்று உற்றுநோக்கி எழுதிய செய்திகள் இந்த மரபில் உண்டு. ஆனால் அவற்றோடு இடம் பிடித்துக்கொண்டது சுழி சாத்திரம். நெற்றியில் சுழி இருந்தால் என்ன பயன், கழுத்தில் இருந்தால் என்ன பயன், எந்தச் சுழி அரசனைக் கொல்லும், எது நாட்டைச் சேர்க்கும் என்று மயிரின் வளைவில் மன்னர்களின் தலைவிதியைப் படித்தார்கள். குதிரையின் தோலுக்கு மேலே ஒரு பஞ்சாங்கம்!

அந்தச் சாத்திரமேனும் யார் கைக்குப் போயிற்று? வடமொழியில் இருந்த சாலிகோத்திரம் பாரசீக மொழிக்குப் பெயர்க்கப்பட்டது; 'சாலோத்ரி' என்ற சொல்லே வடநாட்டில் குதிரை வைத்தியனுக்குப் பெயராயிற்று. கடல் கடந்தவனுக்குக் கிடைத்தது. கொட்டிலில் சாணம் அள்ளிய தமிழனுக்குக் கிடைக்கவில்லை. அவன் படிக்கலாகாது; படித்தாலும் அந்த மொழியைத் தொடலாகாது. ஏடு ஒருவன் வீட்டில். குதிரை ஒருவன் கையில். குதிரை என்ன தின்றது, சாணம் எப்படி இருந்தது, இரவில் எப்போது புரண்டது என்று பார்த்தவனுக்கு எழுத வராது. எழுதத் தெரிந்தவன் சாணத்தைப் பார்க்க மாட்டான். மருத்துவம் பிறப்பது இவ்விருவரும் ஒருவனாகும்போதுதான்.

சுழி பார்ப்பது ஒழிந்துவிட்டதா? ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் இன்றும் வருகின்றன. குதிரை வாங்குவோர் சுழிக்குத் தரும் விலையைப் பார்த்தால் ஏழு நூற்றாண்டு எங்கே போயிற்று என்று வியக்கத் தோன்றும். படித்த பிள்ளைகளும் கைப்பேசியில் சுழிப் படத்தை அனுப்பி விலை பேசுகிறார்கள். குடற்புழு நீக்கம் செய்ததா, பல் தேய்ந்திருக்கிறதா என்று கேட்போர் அத்தனை பேரில்லை.

பாண்டியரோடு முடியவில்லை இக்கதை. விசயநகரத்தார் காலத்தில் பாரசீகக் குதிரை போர்த்துக்கீசியர் கைவழியே வந்தது. சாளுவ நரசிம்மன் கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தான். வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று நூனிசு எழுதுகிறான். வாலுக்குப் பொன்! சேலத்துக்கு அண்மையிலுள்ள தாரமங்கலத்துக் கோயிலில் கெட்டி முதலியார்கள் எழுப்பிய தூண்களைக் கண்டவர் அறிவர்: முன்கால் தூக்கிப் பாயும் குதிரை, மேலே வீரன், நரம்பு தெரியும் கழுத்து. அந்தச் சிற்பியின் கண் சிறந்த கண். குதிரையின் ஒவ்வொரு தசையையும் அது அளந்திருக்கிறது. அந்தக் கண்ணைத் தோலுக்கு உள்ளே அனுப்ப இந்நாட்டில் ஒரு கல்விச்சாலை இருந்திருந்தால்!

மேல்நாட்டான் பிறவியிலேயே அறிவாளி என்று நாம் சொல்லவில்லை. அவனும் குதிரைக்குக் கோள் பார்த்தவன். எந்த நோய்க்கும் குருதியை வடித்தவன். ஆனால் 1761இல் பூர்செலா என்பவர் பிரான்சு நாட்டு லியோன் நகரில் விலங்கு மருத்துவப் பள்ளியை நிறுவினார். செத்த குதிரையை அறுத்துப் பார்த்தனர், பார்த்ததை எழுதினர், எழுதியதைக் கொல்லன் மகனுக்கும் கற்பித்தனர். சென்னையில் அத்தகைய கல்லூரி 1903இல் பிறந்தது. இடைவெளி 142 ஆண்டு.

அந்த இடைவெளியில்தான் சேர்வராயன் மலையில் குதிரைக் குளம்பொலி கேட்டது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில் 1824இல் படைக்குதிரைப் பண்ணை வைத்தனர். மலைத் தோட்டங்களில் துரைக்கு ஒரு குதிரை. குதிரைக்கு ஒரு குதிரைக்காரன். புல்லரிய ஒரு பெண், பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவி. துரையின் குறிப்பேட்டில் குதிரைக்குப் பெயர் இருக்கும். அவர்களுக்கு இருக்காது.

அந்தப் பெயரில்லாதவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். கொள்ளை வேகவைத்துக் கொடுத்தார்கள். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று பழமொழி சொல்லும் நாடல்லவா இது! பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது அழியும். வேதியியல் படிக்காத குதிரைக்காரன் அனுபவத்தால் கண்ட உண்மை அது. ஆய்வுக்கூடமும் அதை ஏற்றுக்கொள்கிறது. அறுகம்புல்லை வேரோடு பறித்து வந்து கொடுத்ததோ வேறு விதமாயிற்று. வேர் மண் கழுவப்படாமல் உள்ளே போனால் மணல் பெருங்குடலில் படிந்து சூலையாகும். ஒரே கை தந்த இரண்டில் ஒன்று மருந்து, ஒன்று நோய். பழமை என்பதால் இரண்டையும் கொள்ளவும் இயலாது. பழமை என்பதால் இரண்டையும் தள்ளவும் இயலாது.

குதிரை புரண்டபோது என்ன செய்தார்கள்? இஞ்சி, மிளகு, ஓமம், பெருங்காயம், பூண்டு அரைத்துக் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழலால் ஊற்றினார்கள். சாராயம் சேர்ப்பாரும் உண்டு. அபினி சேர்ப்பாரும் உண்டு. வயிற்றில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். கழுத்தில் தாயத்துக் கட்டினார்கள். பெரும்பாலான குதிரைகள் எழுந்து நின்றன!

இங்கேதான் பகுத்தறிவு விழித்துக்கொள்ள வேண்டும். எழுந்து நின்றது எதனால்? சூலைகளுள் பெரும்பாலானவை காற்றாலும் குடல் இழுப்பாலும் வருபவை. சில மணி நேரத்தில் தாமே தணிபவை. தணியும் வேளையில் யார் எதைக் கொடுத்தாரோ அவருக்குப் புகழ். ஓமம் கொடுத்தவன் ஓமம் என்பான். தாயத்துக் கட்டியவன் தாயத்து என்பான். இக்காலத்தில் சர்க்கரை உருண்டையில் மருந்தின் நினைவை மட்டும் தடவிக் கொடுப்பவர் அதுவே என்பார். குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்கு மட்டும் எதுவும் எடுபடாது. அது செத்தால் விதி. ஆக, பிழைத்தால் மருந்து, செத்தால் விதி என்ற கணக்கில் எந்த மருந்தும் தோற்றதே கிடையாது!

கேடு எதுவும் இல்லையென்றால் போகட்டும் எனலாம். கேடு உண்டு. தலையைத் தூக்கி வன்மையாக ஊற்றும் கரைசல் நுரையீரலுக்குள் போனால் அதுவே சாவு. அபினி வலியை மறைக்கும், குடலின் அசைவையும் நிறுத்தும், அடைப்பு இறுகும். பூண்டை நாள்தோறும் அளவின்றிக் கொடுத்தால் குருதிச் சிவப்பணுக்கள் சிதையும், சோகை பிடிக்கும். சூட்டுக்கோல் தோலைத்தான் சுடும். குடல் முறுக்கு அவிழாது. எல்லாவற்றினும் பெரிய கேடு நேரம் போவது. முறுக்கிய குடலுக்கு அறுவை ஒன்றே வழி. அதற்குக் கிடைப்பது சில மணி நேரம். அந்த நேரத்தை அம்மியில் அரைத்துத் தீர்த்துவிடுகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில மருந்து என்ற பெயர் இருந்தாலே அது தீங்கற்றதாகிவிடாது. வலி போக்கக் கொடுக்கும் பியூட்டசோன் என்னும் மருந்து அளவு மீறினால் குதிரையின் இரைப்பையையும் பெருங்குடலையும் புண்ணாக்கும். வேறுபாடு ஒன்று உண்டு: அந்தக் கேட்டைக் கண்டுபிடித்து எழுதியவர்களும் அந்த மருந்தைக் கொடுத்தவர்களே. தன் மருந்தின் கேட்டைத் தானே எழுதிய மந்திரவாதி எவனையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

வேப்பேரிக் கல்லூரியின் வழித்தோன்றலாக 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் இன்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரைக்காரனின் பேத்தி அங்கே சேர்ந்து குதிரையின் குடலை அறுத்துப் பார்க்கலாம். எந்த ஏடும் அவளுக்கு மறைவில்லை.

ஏற்காட்டுக்கு ஏற இன்று குதிரை தேவையில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து ஏறுகிறது. ஆயினும் மலைவாழிடங்களில் சவாரிக்கும், திருமண ஊர்வலத்துக்கும், கோயில் விழாவுக்கும் குதிரை வைத்துப் பிழைப்போர் தமிழகத்தில் உண்டு. ஒரு குதிரை செத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். அவர்களிடம் சென்று பேசும் இளைஞர்க்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். நாளெல்லாம் புல்லும் வைக்கோலும் கண்முன் கிடக்கட்டும். தானியம் சிறிது சிறிதாக, பல வேளையாக இருக்கட்டும். தீனியை மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றட்டும். தண்ணீர் எந்நேரமும் வேண்டும். சுற்றுலா வந்தவர் அன்போடு நீட்டும் ரொட்டியையும், விழாவில் ஊட்டும் பொங்கலையும் தடுக்கட்டும். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், மண்ணைப் பறித்தால், படுத்துப் புரண்டால், சாணம் போடாதிருந்தால், தீனியை உடனே எடுத்துவிட வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. புரளத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அரசின் கால்நடை மருத்துவ ஊர்திக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962.